மதாம் ஒதிலின் பிஸ்டலுக்கு எந்தப் பூச்சு?

1

பிஸ்டலுக்கு எந்தப் பூச்சு அதிக காலம் நிற்கும் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய யாழ்ப்பாணத்தான் இந்தப் பாரிஸ் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நின்று இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. சொன்னால், ஃபொபூர் சேன்-தெனி தெருவில் மரக்கறி வாங்குகிறவர்கள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு என்னைச் சுற்றிப் போவார்கள். அதனால் ஒன்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. கடைக்காரர்களுக்குச் சொல்லாதது பெரிய விசயமில்லை. என் மனைவி வசந்திக்கும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். நான் சண்டைக்காரனும் அல்ல, கடத்தல்காரனும் அல்ல. சேன்-தெனி நகரில் கால்வாய்க்குப் பின்னால் உள்ள ஒரு பட்டறையில் உலோகச் சாமான்களுக்குப் பூச்சுப் போடுகிறேன். நான் சேர்ந்த காலத்தில் கதவுப்பிடி, சைக்கிள் சட்டம், குளியலறைக் குழாய் இவ்வளவுதான். பிறகு முதலாளி பஸ்கால் ஆயுதம் திருத்துவதற்கான உரிமம் எடுத்தார். அன்றிலிருந்து வேட்டைத் துவக்குகளும், சங்கங்களில் விளையாட்டுக்குச் சுடுகிறவர்களின் பிஸ்டல்களும் வரத் தொடங்கின. எல்லாம் சட்டப்படி, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வைத்துத்தான். அந்த வேலைக்குப் பொறுமையான ஆள் வேண்டும் என்று பஸ்கால் என்னைப் பிடித்தார். வேறு எவரும் பிடிபடாததால் என்னைப் பொறுமைசாலி ஆக்கினார் என்பதே என் எண்ணம்.

வசந்தியைப் பொறுத்தவரை நான் இன்னும் கதவுப்பிடிக்காரன். அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அண்ணன் ரவியை அவர்களுடைய வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். ரவிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இவள் பதினேழு வயதில் கேற்றடியில் நின்றாள். யார் சுட்டார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேரோடு மல்லுக்கு நிற்பார்கள், ரவி திரும்பி வரப்போவதில்லை. கலியாணம் செய்த புதிதில் ஒருநாள் வசந்தி, "பிஸ்டலாலை சுட்டவங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் பொபினியில் எங்கள் வீட்டில் ரவிக்குத் திவசம் செய்கிறோம். வசந்தியின் பக்கத்து ஆண்கள் இந்த நாட்டில் எவரும் இல்லை. அதனால் மச்சான் முறையில் நான்தான் வாழையிலையில் முதல் அகப்பைச் சோற்றை வைத்துப் படைப்பேன். கத்தரிக்காய்ப் பால்கறி ரவிக்குப் பிடிக்குமாம். அதையும் நானே வைப்பேன்.

2

போன வியாழக்கிழமை காலை மதாம் ஒதில் பட்டறைக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய மெலிந்த பெண்மணி. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்குப் போய்க் காகித வட்டங்களைச் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் அந்த வயதில் கோயில் மண்டபத்தில் இருந்து மருமகளைப் பற்றிக் கதைப்பார்கள். இதுவும் அதுபோல ஒன்றுதான், சத்தம் மட்டும் அதிகம்.

பூட்டிய சிறு பெட்டியை மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு கோவையையும் வைத்தார். மாவட்ட அரச அலுவலகமான பிரெபெக்த்தூர் தந்த அனுமதி, சங்கத்தின் அட்டை, வைத்தியரின் கடிதம், வீட்டில் இரும்புப் பெட்டகம் வாங்கியதற்கான ரசீது எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆறு வருடத்தில் அந்தப் பிஸ்டலிடம் இருந்த கடுதாசியில் கால்வாசிகூட என்னிடம் இருந்ததில்லை.

பழைய உருக்குப் பிஸ்டல். அவருடைய காலஞ்சென்ற கணவர் வைத்திருந்தது. ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்கும். கை பிடிக்கும் இடமெல்லாம் நீலம் தேய்ந்து வெளிறியிருந்தது. பிடியின் மரத்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே துவரம் பருப்பளவில் ஒரு கறள், துருப்பிடித்த புள்ளி.

"என் கை வியர்க்கும். எண்ணெய் பூசிப் பூசிக் களைத்துவிட்டேன்" என்றார் மதாம் ஒதில். "எது அதிக காலம் நிற்கும்? உண்மையைச் சொல்லுங்கள்."

சொன்னேன். பழையபடி நீலம் போடலாம், பார்க்க அதைப்போல அழகு வேறொன்றும் இல்லை. ஆனால் அது இரும்பின் மேல்தோல் மட்டும், எண்ணெய் காய்ந்தால் வியர்வை அதைத் தின்றுவிடும். நிக்கல் அல்லது குரோம் போடலாம், கடினமானது. ஆனால் பளபளக்கும், வேறு தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும், ஒரு இடத்தில் உரிந்தால் அசிங்கமாகிவிடும். மூன்றாவது, முதலில் பொஸ்பேற் தொட்டியில் போட்டெடுத்து, அதன்மேல் செராமிக் பூச்சை மெல்லிசாக விசிறி, அடுப்பில் வைத்துச் சுடுவது. வியர்வை, உப்பு, மழை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. கொஞ்சம் தடிப்பாக விசிறினாலும் பிஸ்டலின் மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடாமல் இறுகும், அதனால் அளவு தெரிந்த கை வேண்டும்.

"என் கணவர் இதை நீலமாகத்தான் பார்த்தவர்" என்றார்.

"கருநீலத்துக்குக் கிட்டிய நிறம் இருக்கிறது, மதாம். அழகு மட்டும் போதுமென்றால் பழைய நீலம். நிற்க வேண்டுமென்றால் சுட்ட பூச்சு."

"எத்தனை வருடம் நிற்கும்?"

"உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் நிற்கும்."

அவர் சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கும் உள்ளே குளிர்ந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். கதவுப்பிடியில் ஒரு புள்ளி விழுந்தால் எவரும் கவனிக்க மாட்டார்கள். பிஸ்டலில் ஒரு விரலடையாளம் பட்டால்கூடப் பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது, முழுவதையும் உரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். கை கொண்டுபோகும் எண்ணெயும் உப்பும்தான் எங்களுடைய எதிரி. என் வேலையில் பாதி, மனிதக் கை படாமல் பார்த்துக்கொள்வது.

3

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது பஸ்கால் எழுதித் தந்த வேலைச் சான்றிதழைக் கொண்டுபோனேன். நானும் வசந்தியும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறோம். எனக்கு அதில் பெரிய அவசரம் இல்லை. வசந்திக்கு இருந்தது. அகதியாகப் பதிந்த ஆட்கள் இலங்கைக்குப் போக முடியாது. இந்த நாட்டுப் பாஸ்போட் கிடைத்தால் ஊருக்குப் போய் அந்த வீட்டை, அந்தக் கேற்றை ஒருக்கால் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். பார்த்து என்ன செய்வாள் என்று அவளுக்கும் தெரியாது.

கதவைத் திறந்ததும் வழக்கம்போலத் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தாள். பட்டறையில் நாள் முழுக்கக் கையுறையும் குளிர்தண்ணியும்தான், விரல்கள் விறைத்துப்போயிருக்கும். அதனால் கோப்பையை மேசையில் வைக்க மாட்டாள், என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடிவிடுவாள். கலியாணம் செய்த முதற் குளிர்காலத்தில் தொடங்கிய பழக்கம்.

மகள் அபி மடிக்கணினியோடு மேசையில் இருந்தாள். இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ் வரும். எங்களுடைய கடுதாசி அலுவல் முழுவதும் அவள் தலையில்தான். சின்ன வயதில் மின்சாரக் கட்டணக் கடிதத்தில் தொடங்கியவள், இப்போது எங்கள் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள். அதைத் தவிர எங்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நான் சிலவேளை யோசிப்பதுண்டு.

சான்றிதழை வாங்கி உரத்து வாசித்தாள்.

"அப்பா, பஸ்கால் உங்களைப் பெரிய ஆள் ஆக்கிப்போட்டார். த்ரெத்மோன் து சுர்ஃபாஸ், ஸ்பெசியாலிஸ்த், ஆர்ம் து ப்வான்..."

அடுப்படியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த வசந்தியின் கத்தி நின்றது.

அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்யத் தேவையான அளவு தெரியும். ஆனால் 'ஆர்ம்' என்ற சொல் தெரியும். அகதி விசாரணையில் அந்த அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். என்ன ஆயுதம், யாரிடம் ஆயுதம், எவ்வளவு தூரத்தில் ஆயுதம். இந்த நாட்டில் அவள் முதலில் கற்ற சொற்களில் அது ஒன்று.

"என்ன ஆர்ம்?" என்று கேட்டபடி வந்தாள்.

"ஒண்டுமில்லை அம்மா, அப்பான்ரை வேலை. பிஸ்டலுக்குப் பூசுறது" என்றாள் அபி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள். மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"எவ்வளவு காலமா?"

"ஒம்பது வருசம்" என்றேன்.

"கதவுப்பிடி எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கதவுப்பிடியும் செய்யிறனான்."

இதைவிட மடைத்தனமான பதில் என் வாயிலிருந்து வந்ததில்லை. வசந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, ஏதாவது ஒரு கரையில் போய்ச் சேர்ந்திருப்போம்.

"நீங்கள் பூசினால் எவ்வளவு காலம் நிக்கும்?"

காலையில் மதாம் ஒதிலும் இதையேதான் கேட்டார். "நல்லாச் செய்தால் முப்பது, நாப்பது வருசம் நிக்கும்" என்றேன்.

"அண்ணை இருபத்திமூண்டு வருசந்தான் இருந்தவர்" என்றாள்.

கோப்பை இன்னும் என் கைக்குள் சூடாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கோப்பையைப் பிடித்திருந்த கைகளையும் பார்த்தாள்.

"நாளையிண்டைக்குச் சனிக்கிழமை திவசம். இந்தக் கையாலையோ இவ்வளவு காலமும் படைச்சனீங்கள்?"

4

வெள்ளிக்கிழமை நான் பஸ்காலிடம் போய், இனிமேல் எனக்குக் கதவுப்பிடி வேலை மட்டும் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். கதவுப்பிடியெல்லாம் இப்போது சீனாவிலேயே பூசி வருகிறதே, கிழமையில் ஒரு நாளுக்குக்கூட வேலை வராதே என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வேறு வேலை தேடலாமா என்று அபிக்குத் தொலைபேசி எடுத்தேன். "விண்ணப்பம் நடக்கேக்கை வேலையை விட்டால் பிரெபெக்த்தூரிலை நிப்பாட்டிப்போடுவினம் அப்பா. அம்மா ஊருக்குப் போறதை மறக்க வேண்டியதுதான்" என்றாள். சுத்தமான தமிழில் சொன்னாள்.

பின்னேரம் வாழையிலை வாங்க வசந்தி லா சப்பலுக்குப் போனாள். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதனால் நானும் போனேன். மெத்ரோவில் எதிரெதிரே இருந்தோம். தெருவில் அவள் முன்னால் நடந்தாள், நான் பையோடு பின்னால். கடையில் இலை சுற்றிக்கொண்டே கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்து, "என்னண்ணை, பாரிசிலை கதவுகள் எல்லாம் இன்னும் உங்கடை கையிலைதானோ?" என்று வழக்கமான பகிடியை விட்டான். நான் குனிந்து காசை எண்ணினேன்.

"ஓம், கதவுப்பிடிதான்" என்றாள் வசந்தி.

எனக்காக அவள் பொய் சொன்னாள். வீட்டில் என்னைத் திட்டியிருந்தால் இதைவிட நல்லாயிருந்திருக்கும். ஒன்பது வருடம் நான் சுமந்த பொய்யை அவள் ஒரு நிமிடத்தில் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போதும் எதிரெதிரேதான் இருந்தோம். இலைச்சுருளை அவள் மடியில் வைத்திருந்தாள், நான் கேட்டும் தரவில்லை.

சனிக்கிழமை காலை ரவியின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினாள். இலையைப் போட்டாள். அகப்பையை எடுத்தபோது பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "பிள்ளை, இஞ்சை வா" என்று அபியைக் கூப்பிட்டு அகப்பையை அவளிடம் கொடுத்தாள். அபிக்கு எந்தப் பக்கத்தில் எதை வைப்பது என்று தெரியாது. பால்கறியைச் சோற்றின் மேலேயே ஊற்றினாள். நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். என் வீட்டில் எனக்கு நிற்க இடமில்லாமல் போனது அன்றுதான்.

"அம்மா, மாமாவுக்கு என்ன நடந்தது? ஒருக்காலும் நீங்கள் சொன்னதில்லையே" என்றாள் அபி.

வசந்தி இலைக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னாள். இருபத்திரண்டு வருடம் நான் கேட்காததை மகள் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டாள்.

"அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். கேற்றுக்கு வெளியிலை ஒருத்தன் வந்து பேர் கேட்டவன். அண்ணை தன்ரை பேரைச் சொன்னவர். அவன் இடுப்பிலையிருந்து பிஸ்டலை எடுத்து அமத்தினவன். வெடிக்கேல்லை."

"வெடிக்கேல்லையா?"

"இல்லை. கறள் பிடிச்ச பிஸ்டல். நான் கண்டனான், மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சு எடுத்த மாதிரி, முழுக்க மண்ணிறம். அண்ணை திரும்பி என்னைப் பாத்தவர். சிரிச்ச மாதிரித்தான் கிடந்தது. தப்பிட்டன் எண்டு நினைச்சிருப்பார். நான் கேற்றைத் திறக்கப் போனனான். அவன் அதை உள்ளங்கையிலை ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டுத் திரும்ப அமத்தினவன்."

அபி அகப்பையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கறள் பிடிச்சிருந்தால்..." என்றாள் வசந்தி. அதை எனக்குச் சொல்லவில்லை, இலையைப் பார்த்துச் சொன்னாள். வசனத்தை முடிக்கவும் இல்லை.

வெளியில் பிடித்த கறளால் பிஸ்டல் வெடிக்காமல் போகாது, உள்ளே சுருள்வில்லில் பிடித்திருக்க வேண்டும், அல்லது தோட்டா ஈரமாயிருக்க வேண்டும் என்று தொழில் தெரிந்த என் மூளை அந்த இடத்திலும் யோசித்தது. அந்த மூளையைக் கழற்றி எறியலாம் போலிருந்தது. வெட்கத்தால் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ரவியின் முகத்தை நான் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் தப்பிவிட்டேன் என்று நினைத்துத் தங்கையைத் திரும்பிப் பார்த்த முகம் அது என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன்.

5

திங்கட்கிழமை மதாம் ஒதிலின் பிஸ்டல் என் மேசையில் இருந்தது. புதன்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

கையுறை போட்டுப் பாகம் பாகமாகக் கழற்றினேன். கழுவி, அடுப்பில் சூடாக்கினேன். எவ்வளவு கழுவினாலும் இரும்பின் நுண்துளைகளில் பழைய எண்ணெய் ஒளிந்திருக்கும், சூடு பட்டால்தான் வெளியே கசியும். கசிந்ததைத் துடைத்து, மறுபடி கழுவினேன். பிறகு மணல் அடிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பழைய நீலத்தை உரித்தேன். பதிவு இலக்கம் வெட்டிய இடத்தில் மெதுவாக அடித்தேன். அந்த இலக்கம் அழியக்கூடாது, பூச்சுக்கு அடியில் மறையவும் கூடாது, சட்டம் அப்படி. ரவியைச் சுட்ட பிஸ்டலில் ஒரு இலக்கம் இருந்திருக்கும். அதை எவரும் எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பிடிக்குள் இருந்த அந்தப் பருப்பளவு கறளை மட்டும் கடைசிக்கு விட்டேன். கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்கால் கடந்து போகும்போது, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதை அப்படியே விட்டு மேலே பூசலாம். மரத்தகடு மூடிவிடும், எவருக்கும் தெரியாது. கொஞ்ச வருடத்தில் அடியிலிருந்து தின்னத் தொடங்கும். ஆனால் யாருக்காக? காகிதம் சுடுகிற ஒரு கிழவிக்குக் கள்ளவேலை செய்து கொடுத்தால் ரவியின் கணக்கில் அது சேருமா? மதாம் ஒதில் என்னிடம் உண்மையைக் கேட்டார், நான் உண்மையைச் சொல்லிப் பொறுப்பெடுத்தேன். அந்த ஒரு இடத்திலாவது நான் சொன்ன சொல் நிற்கட்டும் என்று நினைத்தேன். இது சரியான யோசனையா, வேலை போய்விடும் என்ற பயம் போட்ட வேசமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மணல் பீய்ச்சும் மிதியைக் காலால் அமத்தினேன். இரண்டு வினாடியில் கறள் போய்விட்டது.

பொஸ்பேற்றில் போட்டெடுத்தேன். பூச்சை விசிறினேன். கம்பியில் தொங்கவிட்டு அடுப்பைப் பூட்டினேன். வெளியே எடுத்தபோது கருநீலமாக, மெல்லிசாக, இலக்கம் துலக்கமாகத் தெரிய இருந்தது. நல்ல வேலை.

இரவல் கேட்க வந்த மனிதன்போல வீட்டு வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் மணியை அடித்தேன். வசந்தி கதவைத் திறந்தாள். அபி வீட்டில் இல்லை. மேசையில் என் சான்றிதழ் மற்றக் கடுதாசிகளோடு ஒரு உறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. வசந்தி அனுப்பத்தான் போகிறாள் என்று விளங்கியது. வேலையை விடு என்றும் அவள் சொல்லப் போவதில்லை.

"இண்டைக்கும் பிஸ்டலோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"கறள் பிடிச்சதோ?"

"ஓம். கொஞ்சம் இருந்தது."

"எடுத்துப்போட்டியளோ?"

"ஓம். எடுத்துப்போட்டன்."

அன்றன்று பட்டறையில் செய்த வேலையை அவள் கேட்டு நான் மறைக்காமல் சொன்னது ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தரம். அவள் தலையாட்டினாள். அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். சீனியை அளவாகப் போட்டு, எப்போதும்போல நன்றாக ஆற்றினாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.